சட்டை கழற்றாத முப்பது வருஷம்

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டுக்குப் போகும் சாலையில் மாம்பழக் கூழும் புளியும் அடுக்கிவைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் அங்கே வெளியே லாரி ஏற்றுகிறவர்கள் வெற்று உடம்போடு, தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். உள்ளே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு மட்டும் முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டும் குல்லாவும் கொடுப்பார்கள். உள்வேலைக்கு ஆள் நிற்பதில்லை. சளி, மூட்டுவலி என்று ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக நின்றவன் குடிபாலா ஊர்க்காரன் தேவேந்திரன் ஒருவன்தான். கூலி கொஞ்சம் கூடுதல் என்பதால் நிற்கிறான் என்று மேஸ்திரி முனிகிருஷ்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டுக்காகவே அவன் அந்த வேலைக்கு வந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

தேவேந்திரனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது இடது மார்க்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. சட்டை உரசினால் வலித்தது. இரண்டு மாதத்தில் வலது பக்கமும் அப்படியே. பிறகு இரண்டும் கூம்பிக்கொண்டு வெளியே தெரிய ஆரம்பித்தன. ஒருநாள் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது கூட இருந்த பையன்களில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மற்றவர்கள் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டு அதே பெயரைக் கத்தினார்கள். கரும்பு வெட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்த அவன் அப்பா ரங்கையாவின் காதில் அது விழுந்தது. அவர் பையன்களை ஒன்றும் சொல்லவில்லை. மகனைக் கரையேறச் சொல்லி, ஈர உடம்பிலேயே சட்டையை மாட்டிவிட்டார்.

"இனிமே எவன் எதிர்லயும் சட்டைய அவுக்காதே. கேக்குதா?" என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அவன் அம்மா மணியம்மாதான் சித்தூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அந்த டாக்டர் சரியாகத்தான் சொன்னார். "இந்த வயசுல பாதிப் பசங்களுக்கு வர்றதும்மா இது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா அடங்கிடும். மருந்து, தைலம் ஒண்ணும் தடவாதே. ரெண்டு வருஷம் கழிச்சும் அப்டியே இருந்தா திரும்பக் கூட்டிக்கினு வா."

இரண்டு வருஷம் ஆனது. அடங்கவில்லை. "இன்னாடா, பாக்கப் போலாமா?" என்று மணியம்மா கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ பூடுச்சிம்மா" என்று சொல்லிவிட்டான். டாக்டர் முன்னால் மறுபடியும் சட்டை கழற்ற வேண்டுமே என்ற ஒரே பயத்தில் சொன்ன பொய் அது. அவள் நம்பினாள். அதற்குள் அவன் மருந்துக்கடையில் அடிபட்ட காலுக்குச் சுற்றுகிற துணிச் சுருள் ஒன்றை வாங்கி மார்பில் இறுக்கிச் சுற்றிக்கொள்ளப் பழகியிருந்தான். அதன்மேல் பனியன், அதன்மேல் சட்டை. பத்தாவதில் விளையாட்டு வாத்தியார் எல்லோரையும் பனியனோடு ஓடச் சொன்ன அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் திரும்பிப் போகவில்லை.

வயது வந்தபின் நகரியிலும் பள்ளிப்பட்டிலும் பெண் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தான். "எவளயாவது மனசுல வெச்சிக்கினு கீறயா? சொல்லுடா, எந்த ஜாதியா இருந்தாலும் நான் போயி கேக்கறேன்" என்று மணியம்மா கெஞ்சினாள். அவன் மனதில் யாரும் இல்லை. ஒரு பெண் தன்னைத் தொடப்போகிற முதல் நாளை நினைக்கும்போதெல்லாம் துணிச் சுருளை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டான். முப்பது தாண்டியதும் அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் அவன் அந்தத் துணிச் சுருளை அவிழ்த்தான். மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும்போது ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுக்கொண்டு அம்மனுக்கு வேண்டுதல் செலுத்துவார்கள். மீசையை மழிக்காமல் பொட்டு வைத்த போலீஸ்காரரும், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு பாவாடை தாவணியில் நடக்கும் பெரியவரும் அன்றைக்குத் தெருவில் சாதாரணம். முதல் தடவை லாரி டிரைவர் ஒருவரோடு சும்மா பார்க்கப் போனவன் மறு வருஷம் தனியாகப் போனான். அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் பையில் சுருட்டி எடுத்துப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட்டணக் கழிப்பறையில் கட்டிக்கொண்டான். மற்றவர்கள் ரவிக்கைக்குள் துணியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவனை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தோடு கோயிலைச் சுற்றினான், கூழ் வாங்கிக் குடித்தான், மூச்சை முழுதாக இழுத்து விட்டான். யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு, துணியை மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினான். எட்டு வருஷம் இப்படிப் போய்வந்தான். வீட்டில் மாங்காய் லோடு என்று சொல்லியிருந்தான்.

அவனுக்கு முப்பத்தொரு வயதில் மணியம்மா இறந்தாள். காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் குடத்தோடு சாய்ந்தாள். ஒரே பிள்ளை. பதினோரு மணிக்குப் பாடை கட்டிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் புது வேட்டியை அவன் கையில் கொடுத்து, "சட்டைய கழட்டிட்டு இத கட்டிக்கினு வா நைனா, குடம் எடுக்கணும்" என்றார்.

வேட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வெளியே தெரு முழுக்க ஜனம். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் இரண்டு பொத்தான்கள் கழற்றினான். கை நின்றுவிட்டது. பின்கதவு வழியாக இறங்கி, கரும்புத் தோட்டத்தின் வரப்பில் நடந்து, மெயின் ரோட்டுக்கு வந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறினான். சித்தூர் பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தான். அங்கே அவன் அழுததைப் பார்த்த ஒரு பழக்காரம்மா பர்ஸ் தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

பெரியப்பா மகன் தமிழரசு மணியம்மாவுக்குக் கொள்ளி வைத்தான். மறுநாள் வீட்டுக்கு வந்த தேவேந்திரன், மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. தமிழரசு அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினான். ரங்கையா திட்டவில்லை, கேட்கவும் இல்லை. அதன்பிறகு அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இருந்தார்கள். சோறு ஆச்சா, மழை வருமா, கரண்ட் போச்சா என்பதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு வளரவில்லை. புடவை கட்டித் திருப்பதிக்குப் போவதையும் அவன் நிறுத்திவிட்டான். அது அம்மாவின் புடவை.

அறுபத்தெட்டாவது வயதில் ரங்கையாவுக்குக் கால் வீங்கியது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. தேவேந்திரன் அவரைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி, உடம்பில் நீர் சேராமல் இருக்க மாத்திரைகள் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் ராத்திரியில் அப்பாவின் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகன் விழித்துக்கொள்வான். இவர் போய்விட்டால் மறுபடியும் யாரோ வேட்டியை நீட்டிச் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றும். அப்பா சாகப்போகிறாரே என்பது அதற்குப் பின்னால்தான் வரும். அப்படித் தோன்றுவதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருக்கும்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ரங்கையா பல் விளக்கிக்கொண்டே சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார்.

"டேய், இங்க பாருடா. இன்னா எழவு இது, பொம்பளைக்கு மாதிரி மாரு வீங்கிக்கினு கீது. துணி பட்டா உயிர் போவுது" என்றார்.

தேவேந்திரன் பார்த்தான். சுருங்கிய தோலுக்கு அடியில் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த வடிவம். டீக்கடையிலும் ரங்கையா அதைச் சொல்லிச் சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டான். கேட்டவர்களும் சிரித்துவிட்டு, டாக்டரைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குக் குளிர் அறையில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்ப யோசித்தான்.

அந்த வாரமே திருப்பதிக்குப் போனார்கள். பார்த்தது ஒரு டாக்டரம்மா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள், அக்குளில் கை வைத்துப் பார்த்தாள், ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். வயதானவர்களுக்கு அபூர்வமாகப் புற்றுநோய் வரலாம், அது இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்றாள். ஸ்கேன் முடிவு வந்ததும் சிரித்தாள்.

"பயம் லேது தாத்தா. நீங்க துன்ற நீர் மாத்திரை பண்ற வேலை இது. சில பேருக்கு இப்டி ஆவும். அத நிறுத்திட்டு, ஹார்ட் டாக்டர்கிட்ட பேசி வேற எழுதித் தர்றேன். வலி கொஞ்ச நாள்ல போயிடும். வீக்கம் சில மாசத்துல வடியும்."

"ஆம்பளைக்கு எப்டிம்மா இது வர்றது?" என்றார் ரங்கையா.

"ஆம்பளைக்கும் மாருக்குள்ள அந்தச் சதை கொஞ்சம் இருக்கு தாத்தா. பொறந்த குழந்தைக்கு அம்மா உடம்புல இருந்து வந்த சத்தால வீங்கும், சில வாரத்துல போயிடும், அமுக்கக் கூடாது. வயசுப் பசங்களுக்கு வரும், அதுவும் தானா போயிடும். அப்புறம் உங்க வயசுல வர்றது."

"போகலைன்னா?" என்று தேவேந்திரன் கேட்டான்.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினாள். வெளியே அத்தனை வெயிலில் பனியன், சட்டை, அதன்மேல் பொத்தான் போட்ட இன்னொரு சட்டை.

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு. பதிமூணு வயசுல வந்தது. போவல."

"இப்ப அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு."

"ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் உள்ள நார் மாதிரி கெட்டியாயிடும், மாத்திரை கேக்காது. ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடலாம். எந்த வயசுலயும் பண்ணலாம். அவரை ஒரு புதன்கிழமை வரச் சொல்லுங்க. ப்ளட் டெஸ்ட் பாத்துட்டு சொல்றேன்." காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நிறைய பேர் வர்றாங்க. அவருக்கு அதையும் சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ரங்கையா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சந்திரகிரி தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப உனக்கு போவவே இல்லியா?"

தேவேந்திரன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இல்ல நைனா."

"இந்த மாதிரியா வலிச்சிச்சி?"

"மொதல்ல வலிச்சிச்சி. அப்புறம் வலி இல்ல."

ரங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. "உங்கம்மாவுக்கு கொள்ளி வெக்காம ஓடினியே, அது இதுக்குத்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா" என்று ஆரம்பித்த ரங்கையா அதை முடிக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் வந்து, தாத்தாவுக்கு வாந்தி வருகிறதா, பஸ்ஸை நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தேவேந்திரன் சொன்னான். புத்தலப்பட்டு வந்தபோது ரங்கையா, "பம்புசெட்டுல நான்தான் சொன்னேன், அவுக்காதன்னு" என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் போலிருந்தது.

மறு புதன்கிழமை தேவேந்திரன் தனியாகப் போனான். சட்டையைக் கழற்றவே அவனுக்குக் கால்மணி நேரம் ஆனது. டாக்டரம்மா வேறு ஏதோ எழுதிக்கொண்டு காத்திருந்தாள். ரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அவளே வேறொரு சர்ஜனிடம் அனுப்பினாள். கூட இருக்க ஒருவர் வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார்கள். யாரைச் சொல்வது என்று அவன் யோசித்துப் பார்த்தான். கோல்டு ஸ்டோரேஜில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தும், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வந்து படு என்று கேட்கக்கூடிய ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. மதியச் சோற்றையும் அவன் எப்போதும் தனியாகத்தான் உண்டான், கோட்டைக் கழற்ற வேண்டாமே என்று. கடைசியில் ரங்கையாவே பையில் தன் மாத்திரைகளையும் ஒரு போர்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வார்டில் நர்ஸ் கங்கம்மா அவரைப் பார்த்ததும், "தாத்தா, பெட்ல ஏறிப் படுங்க. பையன ஸ்டூல்ல உக்காரச் சொல்லுங்க" என்றாள்.

"பேஷண்டு அவன்தாம்மா. நான் கூட வந்தவன்" என்றார் ரங்கையா.

ஆப்பரேஷனுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மார்க்காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி அறுத்து, கொழுப்பை உறிஞ்சி, உள்ளேயிருந்த கெட்டியான திசுவை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள், அதில் சிவப்புத் தண்ணீர் வடிந்தது. மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது ரங்கையா ஸ்டூலை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். பதின்மூன்று வயதுக்குப் பிறகு மகனின் வெற்றுடம்பை அவர் அப்போதுதான் பார்த்தார். காயத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. கங்கம்மா ஈரத்துணியால் முதுகைத் துடைக்கப் போனபோது, "குடும்மா" என்று அதை வாங்கிக்கொண்டு அவரே துடைத்தார். தோள், கழுத்து, கை என்று மெதுவாகத் துடைத்தார். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் இறுக்கமான பனியன் போட்டிருக்க வேண்டும், கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இடது பக்கம் கொஞ்சம் மரத்துப்போனது, அது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மற்றபடி நன்றாக ஆறியது. ரங்கையாவின் வீக்கமும் மாத்திரை மாற்றியதில் அதற்குள் வடிந்துவிட்டது. கடைசித் தடவை காட்டப் போனபோது சர்ஜன், "சந்தோஷம்தானே?" என்று கேட்டார். சந்தோஷம் சார் என்றான். அது பொய்யில்லை. ஆனால் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபோது, இத்தனை பெரிய விஷயத்தைச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக் கைப்பேசியில் இருந்த பெயர்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தான். மேஸ்திரி, கேஸ் ஏஜென்சி, அப்பா, மூன்று லாரி டிரைவர்கள். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்குள் சட்டையில்லாமல் இருந்து பழகினான். முதலில் ஜன்னலை மூடிக்கொண்டு, பிறகு திறந்து வைத்து. தையல்காரர் அளவெடுக்க டேப்பை மார்பில் சுற்றியபோது, "நேரா நில்லுங்கண்ணா" என்றார். நேராகத்தான் நிற்கிறேன் என்றான். அவர் தோள்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷமாக உள்ளே குனிந்த தோள் அது.

அந்த ஆடியில் தமிழரசு வீட்டுக்குப் போனான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்றான். தமிழரசு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். தேவேந்திரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றித் தழும்பைக் காட்டினான்.

தமிழரசு வெகுநேரம் பார்த்தான். பிறகு அவனுக்குக் கோபம்தான் வந்தது. "இதுக்காடா? இதுக்காடா பெத்தவள விட்டுட்டு ஓடின? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, மேல ஒரு துண்ட சுத்திக்கினு வையிடான்னு சொல்லியிருப்பனே. எவன் கேட்டிருப்பான் உன்ன?"

ஒரு துண்டு. அது அன்றைக்குத் தேவேந்திரனுக்குத் தோன்றவே இல்லை.

"சின்னம்மா மூஞ்சில நான் நெருப்பு வெச்சேன்டா, பெத்த புள்ள நீ இருந்தும்" என்றான் தமிழரசு. வாளியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். "ஞாயித்துக்கெழம சோறு துன்ன வா. உங்க நைனாவையும் இட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் போனார்கள். தமிழரசின் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். தமிழரசின் பெண்கள் இரண்டு பேரும் இவன் யார் என்று தெரியாமல் எட்டிப் பார்த்தார்கள். பேச்சு அவ்வளவாக ஓடவில்லை. பந்தியில் தமிழரசு சட்டையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தான், ரங்கையாவும் அப்படியே. தேவேந்திரன் சட்டையைக் கழற்றவில்லை. அவசியமிருக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கிளம்பும்போது தமிழரசின் மனைவி ஒரு தூக்கில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனான். பிறகு அவ்வப்போது போகிறான். வாராவாரம் போகத் தோன்றவில்லை. மனிதர்கள் நடுவில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் இன்னும் அவனுக்குக் களைத்துவிடுகிறது. இப்போது கோல்டு ஸ்டோரேஜில் முனிகிருஷ்ணனிடம் கேட்டு வெளிவேலைக்கு, லாரி எடை போடுகிற இடத்துக்கு மாறியிருக்கிறான். ஏன் என்று அவர் கேட்டார். உள்ளே ரொம்பக் குளிருது என்றான்.